தூங்காத கார்

ராத்திரி நன்றாக ஓடிய வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் உடனே புது பேட்டரி வாங்கிவிடுகிறோம். அதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு மணி நேர வேலை ஒன்று இருக்கிறது.

2020 மார்ச் 18, புதன்கிழமை. மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கின் கார்கள் ஏறத்தாழ ஒரே நாளில் நின்றன. ஃபெடரல் நெடுஞ்சாலை வெறிச்சோடியது. பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடிகளின் கார் நிறுத்தங்களிலும், கிள்ளான் தாமான்களின் வீட்டு வாசல்களிலும் வண்டிகள் தூசி படிந்து கிடந்தன. ஏப்ரலில், வீட்டுக்கு ஒருவர் மட்டும் பத்து கிலோமீட்டருக்குள் போய்ச் சாமான் வாங்கி வரலாம் என்ற நிலை. இரண்டு மூன்று கார் வைத்திருந்த குடும்பங்களில் ஒன்று அவ்வப்போது நகர்ந்தது, மற்றவை அசையவே இல்லை. மே 4-ஆம் தேதி கட்டுப்பாடு தளர்ந்து வேலைக்குக் கிளம்பியவர்களில் பலருக்கு, சாவியைத் திருப்பியபோது கேட்டது 'டக் டக்' என்ற ஓசை மட்டும்தான்.

மார்ச் 18 முதல் மே 3 வரை 47 நாள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெரோடுவா மைவி போன்ற சிறிய காரில் போடும் என்.எஸ். 40 அளவு பேட்டரி சுமார் 35 ஆம்பியர்-மணி கொள்ளளவு உடையது. எந்தப் பழுதும் இல்லாத கார் நிற்கும்போது 25 மில்லிஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். நாளொன்றுக்கு 0.6 ஆம்பியர்-மணி. 47 நாளில் 28. முழுக்க நிரம்பிய புது பேட்டரியிலேயே மிச்சம் 7 தான். என்ஜினைச் சுழற்ற அது போதாது. ஆக, அந்த மே மாதத்தில் படுத்த வண்டிகளில் பலவற்றுக்கு ஒரு நோயும் இல்லை. நின்ற நாள்தான் அதிகம்.

ஆனால் வேறொரு வகை வண்டியும் உண்டு. நான்காம் நாளே, ஐந்தாம் நாளே படுத்துவிடும். ஊரடங்கு இல்லாத காலத்திலும் வெள்ளிக்கிழமை மாலை நிறுத்தினால் திங்கள் காலை கிளம்பாது. இந்த இரண்டுக்கும் நம் வாயிலிருந்து வருவது ஒரே வாக்கியம்: "பேட்டரி போச்சு." இரண்டுக்கும் செய்வதும் ஒன்றே. போன் அடிக்கிறோம், வேனில் ஆள் வருகிறார், இருநூறு ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்துப் புதிது மாட்டிக்கொள்கிறோம். முதல் வகைக்கு அது வீண் செலவு, சார்ஜ் போட்டிருந்தால் போதும். இரண்டாம் வகைக்கு அது மருந்தே இல்லை. ஓட்டைத் தொட்டியில் மறுபடி தண்ணீர் நிரப்புவதுதான் அது. சில வாரத்தில் புது பேட்டரியும் படுக்கும், இம்முறை பழி பேட்டரி கம்பெனி மீது விழும்.

அளந்து பார்க்காமல் பேட்டரி மாற்றக் கூடாது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதைத்தான். அளப்பதற்கு வேண்டிய கருவி முப்பது நாற்பது ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். அதைவிட அரிதான பொருள் ஒரு மணி நேரப் பொறுமை. அது பட்டறையில் கிடைக்காது, வீட்டில்தான் கிடைக்கும். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பூட்டிய பிறகு என்ன நடக்கிறது?

1994-இல் வந்த பெரோடுவா கஞ்சிலை நினைவிருக்கிறதா? சாவியை உருவிவிட்டால் அந்த வண்டியில் விழித்திருப்பது கடிகாரமும் ரேடியோவின் நினைவும்தான். சில மில்லிஆம்பியர். ஒரு மாதம் ஊருக்குப் போய்த் திரும்பினாலும் பெரும்பாலும் கிளம்பிவிடும். அந்த அனுபவத்தில் வளர்ந்தவர்கள், "அந்தக் காலத்து வண்டி நின்றது, இதென்ன இப்படி?" என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது.

இன்றைய வண்டியில் கதவைப் பூட்டிய பின்னும் வேலை நடக்கிறது. சட்டைப்பையில் சாவி இருந்தாலே கதவு திறக்க வேண்டுமானால், அந்தச் சாவியின் சமிக்ஞைக்கு ஒரு ரிசீவர் இரவெல்லாம் காது கொடுத்திருக்க வேண்டும். திருட்டு எச்சரிக்கை மணி, இம்மொபைலைசர், கதவையும் விளக்கையும் ஆளும் கணினிப் பெட்டி, சில வண்டிகளில் கைப்பேசிச் செயலியோடு பேசும் சிம் கார்டு. இவை எல்லாம் பூட்டியவுடன் உறங்குவதில்லை. ஒவ்வொன்றாகத் தங்கள் வேலையை முடித்து, ஒன்றுக்கொன்று தகவல் சொல்லி, பத்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும். அடங்கிய பிறகு வண்டி மொத்தமாக இழுக்கும் மின்சாரம் 20 முதல் 50 மில்லிஆம்பியருக்குள் இருந்தால் அது ஆரோக்கியம்.

அந்தப் பெட்டிகளில் ஒன்று அடங்க மறுத்தால் கதை மாறுகிறது. 300 மில்லிஆம்பியர் என்பது பார்க்கச் சின்ன எண். நாளுக்கு 7.2 ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டரை நாளில் பாதி காலி. வெள்ளி மாலை முதல் திங்கள் காலை வரை என்பது ஏறக்குறைய அவ்வளவுதான்.

இது சாதாரண வண்டிக்காரரின் கவனக்குறைவு மட்டும் இல்லை. அமெரிக்காவில் சுபாரு வண்டி உரிமையாளர்கள், வண்டியை அணைத்த பின்னும் உள்ளிருக்கும் சாதனங்கள் மின்சாரம் இழுத்துக்கொண்டே இருக்கின்றன என்று கூட்டாக வழக்குத் தொடுத்தார்கள். 2015-க்கும் 2020-க்கும் இடைப்பட்ட பல மாடல்கள் அதில் அடங்கின. வழக்கு சமரசத்தில் முடிந்தது. பெரிய தொழிற்சாலையில் பல நூறு பொறியாளர்கள் சேர்ந்து செய்த வண்டிக்கே இப்படி ஒரு குறை சாத்தியமென்றால், முன்பின் தெரியாத கடையில் அரை மணியில் மாட்டிய ஆண்ட்ராய்டு பிளேயரை நாம் எவ்வளவு நம்பலாம்?

முதலில் பேட்டரியை விசாரிப்போம்

கசிவைத் தேடுவதற்கு முன் பேட்டரிக்கு நியாயம் செய்ய வேண்டும். உண்மையிலேயே ஆயுள் முடிந்த பேட்டரியும் உண்டு, நம் ஊரில் அது சீக்கிரமே முடிகிறது.

ஈய-அமில பேட்டரியை பிரெஞ்சுக்காரர் காஸ்டன் பிளாண்டே 1859-இல் கண்டுபிடித்தார். அடிப்படை வேதியியல் இன்றும் அதுவே. காரில் அதற்கு நிரந்தர இடம் கிடைத்தது 1912-இல், சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் காடிலாக் வண்டியில் வந்தபோது. அதுவரை கைப்பிடியைச் சுழற்றித்தான் என்ஜினை எழுப்பினார்கள். ஆறு அறைகள், அறைக்குச் சுமார் 2.1 வோல்ட். ஆகவே நிரம்பிய பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம். அதற்கும் கீழே போய்ச் சில நாள் கிடந்தால், உள்ளேயுள்ள ஈயத் தகடுகளில் படிந்த ஈய சல்பேட் இறுகிப் படிகமாகிவிடும். பிறகு சார்ஜ் போட்டாலும் அது முழுதாகக் கரையாது. ஒவ்வொரு முறை அடியோடு காலியாகும்போதும் பேட்டரி நிரந்தரமாகக் கொஞ்சம் சாகிறது. கசிவைக் கண்டுபிடிக்காமல் ஜம்ப் கொடுத்தே காலம் தள்ளுபவர்கள் நல்ல பேட்டரியைத் தாங்களே கெடுக்கிறார்கள்.

வெயில் இன்னொரு எதிரி. வெப்பம் பத்து டிகிரி ஏறினால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொதுவான விதி. பேட்டரிக்குள் நடக்கும் அரிப்புக்கும் அது பொருந்தும். குளிர்நாட்டில் ஐந்தாண்டு உழைக்கும் பேட்டரி இங்கே இரண்டு, மூன்று ஆண்டில் களைத்துப்போவது ஏமாற்று வேலை இல்லை, தட்பவெப்பம். கடைக்காரர் கையடக்கக் கருவியால் சோதித்துக் காட்டும் குளிர்த் தொடக்க ஆம்பியர் என்ற எண்கூட, உறைநிலைக்குக் கீழே 18 டிகிரியில் பேட்டரி எவ்வளவு மின்சாரம் தரும் என்பதைக் குறிப்பது. கிள்ளானுக்கு அப்படியொரு காலை வரப்போவதே இல்லை. அந்தக் கருவி பயனற்றது என்று சொல்லவில்லை. ஆனால் காலியாகிக் கிடக்கும் பேட்டரியில் அதை வைத்தால் 'ரீப்ளேஸ்' என்று காட்டிவிடக்கூடும். நன்றாக சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் ஓய்வு கொடுத்து, பிறகு சோதித்தால்தான் அந்தத் தீர்ப்பை ஏற்கலாம். இதை நீங்கள் கேட்காவிட்டால் யாரும் செய்ய மாட்டார்கள்.

அடுத்து, ஓடும்போது பேட்டரியை நிரப்பும் ஆல்டர்னேட்டர். என்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். 13-க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏறவில்லை. புது வகை வண்டிகளில் எரிபொருள் சேமிக்கக் கணினியே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும் என்பதால், விளக்கையும் ஏர்கோனையும் போட்டுவிட்டுப் பார்ப்பது நல்லது.

இரண்டும் சரி, ஆனாலும் வண்டி படுக்கிறது என்றால் ஓட்டும் விதத்தைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வீட்டிலிருந்து எல்.ஆர்.டி. நிலையம் வரை, பிள்ளையின் பள்ளி வரை, ஜாலான் துன் சம்பந்தனில் கோயிலுக்கும் கடைக்கும் என்று ஐந்து நிமிட ஓட்டமே ஓடும் வண்டிக்கு, ஸ்டார்ட் செய்தபோது போனதும் இரவில் போனதும் முழுதாகத் திரும்ப வருவதில்லை. நெரிசலில் நிற்கும்போது என்ஜின் வேகம் குறைவு, ஆல்டர்னேட்டரின் உற்பத்தியும் குறைவு. ஏர்கோன் விசிறி, ரேடியேட்டர் விசிறி, விளக்கு, வைப்பர் எல்லாம் அதிலிருந்தே பங்கு கேட்கும். மழை மாலையில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு ஊர்ந்து வந்த ஒன்றரை மணி நேரம், பாதி காலியான பேட்டரியை நிரப்பாது. சுவரில் சொருகும் நாலைந்து ஆம்பியர் சார்ஜரில் ஓர் இரவு போடுவது நிரப்பும்.

அந்த ஒரு மணி நேரம்

இப்போது பட்டறைக்கு வருவோம். நம் ஊர் ஃபோர்மன் கெட்டிக்காரர். என்ஜின் ஓசையைக் கேட்டே பழுதைச் சொல்லிவிடுவார். ஆனால் கசிவை அளக்க வண்டி உறங்கியாக வேண்டும். பானட்டைத் திறந்து, கதவைத் திறந்து, பேட்டரி கேபிளைக் கழற்றி மாட்டிய அந்தக் கணமே எல்லாக் கணினிகளும் விழித்துக்கொள்ளும். அப்போது அளந்தால் மூன்று ஆம்பியர், நாலு ஆம்பியர் என்று காட்டும். அதை நம்பி ஒன்றைக் கழற்றினால் அது தவறான இடமாக இருக்கும். காத்திருக்க வேண்டும். வாசலில் பத்து வண்டி வரிசை கட்டி நிற்கும் பட்டறையில் ஒரு காரை ஒரு மணி நேரம் யாரும் தொடாமல் வைத்திருக்க அவரால் முடியாது. அந்த நேரத்துக்கு நாம் கூலி கொடுப்பதும் இல்லை. ஆகவே பேட்டரியை மாற்றுவது அவருக்கும் நமக்கும் சுலபமாகிப்போகிறது. இதில் குற்றம் யாருடையது என்று தேடுவதைவிட, அந்த ஒரு மணி நேரத்தை ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டு வாசலில் நாமே ஒதுக்குவது உருப்படியான காரியம்.

செய்முறையை நிதானமாகவே சொல்கிறேன். டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று, பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்று, திருப்புளி ஒன்று. முதலில் பேட்டரியை முழுக்கச் சார்ஜ் செய்திருக்க வேண்டும். கண்ணாடியை இறக்கிவிடுங்கள், சாவி உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது. எல்லாக் கதவுகளையும் சாத்துங்கள். ஃபியூஸ் பெட்டி ஓட்டுநர் பக்கம் டேஷ்போர்டுக்குக் கீழே இருந்தால் அந்தக் கதவு திறந்தே இருக்க வேண்டும். அப்போது கதவின் ஓரத்திலுள்ள பூட்டுக் கொக்கியைத் திருப்புளியால் 'கிளிக்' என்று மடக்கிவிட்டால், கதவு மூடியிருப்பதாக வண்டி நினைத்துக்கொள்ளும். பானட்டின் கொக்கிக்கும் அதையே செய்யலாம். சாவியை வீட்டுக்குள் தள்ளி வையுங்கள். சாவியைக் காரிலிருந்து இரண்டு மீட்டருக்குள் நெடுநேரம் வைக்காதீர்கள் என்று சில ஜப்பானிய வண்டிகளின் கையேடுகளே சொல்கின்றன. வாசலை ஒட்டிய செருப்பு அலமாரி மேல் சாவியைப் போடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. போர்ச்சில் நிற்கும் காருக்கும் அந்த அலமாரிக்கும் இடையே ஒரு சுவர்தான் என்றால், காரும் சாவியும் இரவெல்லாம் பேசிக்கொண்டே இருக்கலாம்.

மீட்டரின் சிவப்பு வயரைப் பத்து ஆம்பியர் துளையில் சொருகி, நேர்மின்னோட்டத்தை அளக்கும் நிலைக்குத் திருப்புங்கள். பேட்டரியின் நெகடிவ் முனைக்கும் அதில் மாட்டியிருக்கும் கேபிளுக்கும் நடுவே மீட்டர் வர வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம். கேபிளைக் கழற்றுவதற்கு முன்பே மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரி முனையிலும் மற்றதைக் கேபிளின் கிளாம்பிலும் கவ்விகளால் பிடித்துவிட்டு, அதன் பிறகு கிளாம்பை மெல்லத் தூக்கினால் இணைப்பு ஒரு நொடியும் அறுபடாது. உறங்கும் வண்டி விழிக்காது. மீட்டர் மாட்டியிருக்கும்போது யாரும் ஸ்டார்ட் செய்யவே கூடாது. ஸ்டார்ட்டர் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மீட்டரின் ஃபியூஸ் போகும், மீட்டரே போனாலும் போகும். பாசிட்டிவ் பக்கத்தைத் தொடவே தேவையில்லை. ஸ்பேனர் பாசிட்டிவையும் வண்டியின் உடம்பையும் ஒருசேரத் தொட்டால் தீப்பொறி பறக்கும்.

பிறகு காத்திருங்கள். எண் படிப்படியாக இறங்கும். மூன்று ஆம்பியர், ஒன்று, 0.3, ஒரு கட்டத்தில் சட்டென்று 0.03. அங்கே நிலைத்தால் வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. பேட்டரியோ ஓட்டும் விதமோதான் காரணம். 0.3-லேயே நின்றுவிட்டாலோ, இறங்கி இறங்கி மறுபடி ஏறினாலோ, ஏதோ ஒன்று தூங்கவில்லை.

எது என்று கண்டுபிடிக்க ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குவது பழைய முறை. எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ அதுதான் திருடன் இருக்கும் பாதை. இன்றைய வண்டியில் அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு, ஏனென்றால் பிடுங்கி மாட்டினாலே சில கணினிகள் விழித்துவிடும். பிளேடு ஃபியூஸின் தலையில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் தெரியும். கிளாம்பை மறுபடி பேட்டரி முனையில் அமர்த்திய பிறகு மீட்டரை விடுவித்து, சிவப்பு வயரை வோல்ட் துளைக்கு மாற்றி, மில்லிவோல்ட்டில் வைத்து அந்த இரண்டு புள்ளிகளையும் தொடுங்கள். மின்சாரம் ஓடாத ஃபியூஸில் பூச்சியம் காட்டும். ஓடுகிறதென்றால் ஒரு சிறு எண் வரும். சாதாரண பத்து ஆம்பியர் ஃபியூஸில் 1 மில்லிவோல்ட் வந்தால் சுமார் 130 மில்லிஆம்பியர் அதன் வழியே போகிறது என்று பொருள். எதையும் கழற்றாமல், வண்டியை எழுப்பாமல், ஐந்து நிமிடத்தில் மொத்தப் பெட்டியையும் தொட்டுப் பார்த்துவிடலாம். இந்த முறையைக் கற்றுக்கொண்டவர்கள் பிறகு ஃபியூஸ் பிடுங்குவதே இல்லை.

ஒரு எச்சரிக்கை. மஞ்சள் நிற உறையிட்ட இணைப்புகள் ஏர்பேக்குக்கு உரியவை, அவற்றில் முள்ளை வைக்காதீர்கள். ஹைபிரிட், மின்சார வண்டிகளில் ஆரஞ்சு நிறக் கேபிள் உயிருக்கே ஆபத்தானது. அதன் பக்கம் கையே போகக் கூடாது.

வழக்கமான குற்றவாளிகள்

நான் முதலில் சந்தேகப்படுவது எப்போதும் கடையில் வாங்கி மாட்டிய பொருளைத்தான். ஆண்ட்ராய்டு பிளேயரின் பின்னால் மஞ்சள் வயர் ஒன்றும் சிவப்பு வயர் ஒன்றும் வரும். மஞ்சள் நேரே பேட்டரிக்கு, நினைவைக் காக்க. சிவப்பு சாவியோடு உயிர்பெறும் பாதைக்கு. சாவிப் பாதையைத் தேடிப் பிடிக்க நேரமில்லாதவர் இரண்டையும் முறுக்கி ஒரே இடத்தில் சேர்த்துவிட்டால் பிளேயர் வேலை செய்யும், திரையும் வரும், வாடிக்கையாளரும் மகிழ்ச்சியாகப் போய்விடுவார். ஆனால் திரை அணைந்த பின்னும் உள்ளே அது முழுதாக அடங்காது. சரிசெய்ய வேண்டியது ஒரே ஒரு வயர். அந்த ஒரு வயருக்காக இரண்டு பேட்டரி வாங்கியவர்கள் உண்டு.

டேஷ்கேம் அடுத்தது. நிறுத்தியிருக்கும்போதும் பதிவு செய்யும் வசதிக்காக நேரடி இணைப்பு கொடுத்திருப்பார்கள். பல கேமராக்கள் 200 முதல் 400 மில்லிஆம்பியர் இழுக்கும். பேட்டரி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் தானே அணையும் அமைப்பு அதில் இருக்கும். அது 11.8-இல் வைக்கப்பட்டிருந்தால் பயனில்லை, அதற்குள் வண்டி கிளம்பாத நிலை வந்துவிடும். 12.2-க்கு, முடிந்தால் 12.4-க்கு ஏற்றி வையுங்கள். ஜி.பி.எஸ். டிராக்கர், திருட்டு அலாரம், பின்பக்கச் சாமான் அறையில் (பூட்) பொருத்திய ஆம்ப்ளிஃபையர் எல்லாம் இதே வரிசை.

வண்டியின் சொந்தப் பாகங்களில் மிகச் சின்னது ஒன்று எனக்கு எப்போதும் வியப்பைத் தரும். பிரேக் பெடலின் மேலே, பிரேக் விளக்கின் சுவிட்சை அழுத்திப் பிடிக்க ஒரு காசு அளவுக்கு பிளாஸ்டிக் பொத்தான் இருக்கும். வயதான ஹோண்டா வண்டிகளில் இது உதிர்ந்துபோவது பலரும் அறிந்த கதை. கால் மிதியடிமேல் தூள்தூளாகக் கிடக்கும், யாரும் கவனிக்க மாட்டோம். பொத்தான் உதிர்ந்தால் சுவிட்ச் விடுபடும், பிரேக் விளக்கு அணையாது. 21 வாட் பல்பு இரண்டு என்றாலே 3.5 ஆம்பியர். 35 ஆம்பியர்-மணி பேட்டரியைப் பத்து மணி நேரத்தில் துடைத்துவிடும். புதுப் பொத்தான் சில ரிங்கிட்தான். கண்டுபிடிக்க மீட்டரும் வேண்டாம், இரவில் வண்டியின் பின்னால் போய் நின்று பார்த்தால் போதும்.

பூட் விளக்கு, கையுறைப் பெட்டி விளக்கு இரண்டும் மூடிய பிறகு எரிகின்றனவா என்று எப்படித் தெரியும்? கைப்பேசியில் வீடியோ பதிவைப் போட்டு உள்ளே வைத்து மூடிப் பாருங்கள். 5 வாட் பல்பு நாளுக்குப் பத்து ஆம்பியர்-மணி குடிக்கும்.

எல்லா ஃபியூஸும் பூச்சியம் காட்டி, கசிவு மட்டும் தொடர்ந்தால் ஆல்டர்னேட்டரைச் சந்தேகியுங்கள். அதனுள்ளே இருக்கும் டயோடுகள் மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டுமே விட வேண்டியவை. ஒன்று கெட்டால் பேட்டரியிலிருந்து பின்னோக்கி ஒழுகும். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குப் போகும் தடித்த கேபிள் கேபினுக்குள் இருக்கும் ஃபியூஸ் பெட்டி வழியே வருவதில்லை என்பதால் அங்கே தேடினால் கிடைக்காது. நெகடிவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டரின் அந்தக் கேபிளை விடுவித்து, முனையைச் சுற்றி மறைத்து, மறுபடி அளக்கும்போது எண் விழுந்தால் ஆள் அகப்பட்டான். இது மட்டும் ஃபோர்மன் கையில் விட வேண்டிய வேலை. நீங்கள் எடுத்துப்போகும் எண்கள் அவருக்குப் பாதி நாளை மிச்சப்படுத்தும்.

கிள்ளான் பள்ளத்தாக்குக்கென்று தனியாக ஒரு குற்றவாளி உண்டு. வெள்ளம். 2021 டிசம்பரில் இரண்டு நாள் கொட்டிய மழையில் ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடாவும் கிள்ளானின் பல பகுதிகளும் மூழ்கின. கார்கள் கூரை வரை நீரில் நின்றன. வண்டியைக் கழுவிக் காயவைக்கலாம், இருக்கையை மாற்றலாம். ஆனால் கம்பளத்துக்கு அடியில் ஓடும் வயர்க்கற்றையின் இணைப்புகளுக்குள் புகுந்த சேற்று நீர், செம்பைப் பச்சையாக அரித்துக்கொண்டே மாதக்கணக்கில் இருக்கும். இரண்டு முனைகளுக்கு நடுவே படியும் அந்தப் பச்சைப் படிவம் ஈரமான நாளில் மின்சாரத்தைக் கடத்தும், காய்ந்த நாளில் கடத்தாது. ஒரு வாரம் நன்றாக இருந்து, மழை பெய்த மறுநாள் படுக்கும் வண்டி என்றால் இதை யோசியுங்கள். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து அதன் அடிப்பாகத்தில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேலே எவ்வளவு மெருகேற்றினாலும் அந்த நாடாவின் சுருளைக் கழுவ எவரும் மெனக்கெடுவதில்லை.

ஊருக்குக் கிளம்பும் முன்

தீபாவளிக்கோ பள்ளி விடுமுறைக்கோ ஊருக்குப் போகிறீர்கள். காரை கே.எல். சென்ட்ரல் பக்கமோ விமான நிலையத்திலோ விட்டுவிட்டு இரண்டு மூன்று வாரம் தமிழ்நாட்டில் இருக்கப் போகிறீர்கள். பழுதில்லாத வண்டிக்கே இது எல்லைக் கோடு. முந்தின இரவு சார்ஜர் போடுவது ஒரு வழி. டேஷ்கேமின் இணைப்பைப் பிடுங்குவது கட்டாயம். ஒரு மாதத்துக்கு மேல் என்றால் வீட்டிலேயே நிறுத்தி நெகடிவ் கேபிளைக் கழற்றி வைப்பது நல்லது. திருட்டு அலாரமும் சேர்ந்து அணையும் என்பதால் தெருவோரத்தில் நிற்கும் வண்டிக்கு இது பொருந்தாது. கடிகாரமும் ரேடியோ நிலையங்களும் அழியும், கண்ணாடியின் தானியங்கி இறக்கத்தைச் சில வண்டிகளில் மறுபடி பழக்க வேண்டியிருக்கும். அவ்வளவுதான் இழப்பு. வீட்டில் இருப்பவரிடம் "தினமும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வை" என்று சொல்லிவிட்டுப் போவதுதான் நாம் வழக்கமாகச் செய்வது. அது உதவாது. ஸ்டார்ட் செய்ய எடுத்தது ஈடாவதற்குள் அணைத்துவிடுவார்கள். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள்.

மின்சாரக் கார் வாங்கியவர்கள் இதெல்லாம் தங்களுக்கில்லை என்று நினைக்க வேண்டாம். ஓடுவதற்கான பெரிய பேட்டரி நிரம்பியிருந்தாலும், கதவையும் கணினியையும் எழுப்புவது பெரும்பாலும் ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரிதான். அது காலியானால் வண்டி கதவைக்கூடத் திறக்காது. கையேட்டில் அதைத் திறக்கும் அவசர வழி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று நல்ல நாளிலேயே பார்த்து வைக்க வேண்டும்.

எல்லாவற்றையும் மீறிப் படுத்துவிட்டால் ஜம்ப் கொடுப்பதிலும் ஒரு வரிசை இருக்கிறது. சிவப்பு கேபிள் முதலில் படுத்த வண்டியின் பாசிட்டிவில், அடுத்து நல்ல வண்டியின் பாசிட்டிவில். கறுப்பு நல்ல வண்டியின் நெகடிவில். கடைசி முனை படுத்த பேட்டரியில் வேண்டாம். அந்த வண்டி என்ஜினின் வெற்று உலோகப் பகுதியில் கவ்வுங்கள். கடைசி இணைப்பில்தான் பொறி வரும். பேட்டரியிலிருந்து வெளியேறும் ஹைட்ரஜன் வாயு பக்கத்தில் இருந்தால் அந்தப் பொறி போதும், பேட்டரி வெடித்து அமிலம் முகத்தில் தெறிக்க. காப்புறுதிச் சான்றிதழின் பின்னால் சாலையோர உதவி எண் இருக்கிறதா என்றும் பாருங்கள், பல நிறுவனங்கள் ஜம்ப் கொடுக்கக் கட்டணம் வாங்குவதில்லை.

அளந்து பார்த்து, பேட்டரிதான் முடிந்தது என்று தெரிந்தால் தயங்காமல் மாற்றுங்கள். பழையதை வீட்டுப் பின்கட்டில் வைக்காதீர்கள். உள்ளே இருப்பது ஈயமும் கந்தக அமிலமும். 2005-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிமுறைகளின்படி அது எஸ்.டபிள்யூ. 102 என்ற எண்ணில் பட்டியலிடப்பட்ட அபாயக் கழிவு. கடைக்காரர் அதற்கு ஒரு விலை போட்டுக் கழித்துக்கொள்வார், கேளுங்கள். புதிதை மாட்டிய அன்றே, வண்டியை உறங்கவிட்டு ஒருமுறை அளந்து, வந்த எண்ணையும் தேதியையும் பேட்டரியின் மேலேயே மார்க்கர் பேனாவால் எழுதி வையுங்கள். அடுத்த முறை ஏதாவது நேர்ந்தால், பானட்டைத் திறக்கும் ஃபோர்மன் முதலில் அதைத்தான் படிப்பார்.